சாம்பலில் நாலு ஆணி

முழங்கால் நோவைப் பற்றியும் கொழுப்பு மாத்திரையைப் பற்றியும் கதைத்துக் கதைத்து அலுத்துப்போன என் வயதுக்காரிகளே, இன்றைக்கு வேறொரு வருத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் பொறாமை. உங்களில் யாருக்காவது அது வயதோடு குறைந்திருந்தால் மருந்தின் பெயரை எனக்கும் அனுப்பிவையுங்கள். எனக்கு அது பத்து வயதில் பிடித்தது. இன்னும் விட்டபாடில்லை.

இங்கே கனடாவில், மில்லிக்கனில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் சூடு என்பது சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். கணவர் வேலையில் இருந்தபடியே போனில் இரண்டு பாகை குறைப்பார். நான் சமையலறையில் நின்றபடி மூன்று பாகை கூட்டுவேன். நெருப்பை நாங்கள் ஒருவரும் கண்ணால் காண்பதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த ஒரு குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் மெய்யான நெருப்பு இருந்தது. அதற்குள் விறகு போடுவதா, நிலக்கரி போடுவதா என்று என் அப்பாவும் அவருடைய அண்ணனும் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையால்தான் ஒரு குடும்பம் இரண்டாகிப் போனது என்று போன மாசி மாதம் வரைக்கும் நான் நம்பியிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்துக்கு முன் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருந்தோம். எங்கள் குடும்பமும் பெரியப்பா குடும்பமும் ஒரே அப்பாட்மென்ற், ஒரே சமையல். அங்கே சூடு வாடகையோடு வரும். தை மாதத்துக் குளிரில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெனியனோடு ஓடித் திரிந்த பிள்ளைகள் நாங்கள். பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து வோபர்னில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். பெரியப்பா மூத்தவர், ஆகவே அவர் குடும்பம் மேலே. நாங்கள் பேஸ்மென்றில்.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். மூன்றே மூன்று மாதம்! அதற்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும். புதுச் சட்டை வந்தால் நிறத்தை அவள்தான் முதலில் தெரிவுசெய்வாள், மிஞ்சியது எனக்கு. கோழிக்கறியில் கால் அவளுக்கு. புது வீட்டில் அவளுடைய அறைக்குப் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். எனக்குக் கூரையோடு ஒட்டிய ஒரு சாண் ஜன்னல். அதில் தெரிவது ஊராரின் சப்பாத்துகள். நான் எரிந்து சாகாமல் இருந்ததே பெரிய காரியம்.

ஆனால் கீழே ஒன்று இருந்தது, மேலே இல்லாதது. அடுப்பு.

சமைக்கிற அடுப்பு அல்ல. வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. வீட்டை விற்ற வெள்ளைக்காரக் கிழவர் விட்டுப்போனது. கறுத்த வார்ப்பிரும்பு, நாலு வளைந்த கால்கள், கதவில் உள்ளங்கையளவு ஒரு மஞ்சள் பழுத்த கண்ணாடி. விறகும் போடலாம், கரியும் போடலாம் என்று சாவி தந்த அன்று அவர் கையால் காட்டி விளக்கினார். பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டி. அதில் பாதிக்கு நிலக்கரி. உடைத்த பக்கம் கண்ணாடி போல மினுங்கும். அடுப்புக்கு நேர் மேலே, கூரையில் ஒரு சதுர ஓட்டை வெட்டி இரும்புக் கிராதி போட்டிருந்தது. சூடு அதன் வழியாக மேல் அறைக்குப் போகும். மேல் அறை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் அடுப்பின் சூடுகூட அவளுடைய கட்டிலுக்குத்தான் முதலில் போனது.

சுவரோரம் மின்சார ஹீற்றர்களும் இருந்தன. முதல் மாத ஹைட்ரோ பில்லை, அதுதான் கரண்ட் பில்லை, பார்த்ததும் பெரியப்பா அத்தனையையும் அணைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டின் சூடு முழுக்க அந்த அடுப்பின் தலையில்.

கரியா விறகா என்ற கேள்வி குடிபூரல் அன்றே வந்துவிட்டது. பால் காய்ச்ச வேண்டும். புது வீட்டில் மின்சார அடுப்பு இன்னும் பூட்டவில்லை. "கரி கிடக்குதுதானே, பத்த வைப்பம்" என்றார் பெரியப்பா. "நல்ல காரியத்துக்குக் கரியோ? விறகு போடுங்கோ" என்று அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒரே குரலில் பேசியது அது ஒருமுறைதான். பால் பொங்கி, அம்மா நின்ற பக்கமாக வழிந்தது. பெரியம்மாவின் முகம் சுருங்கியது. இந்த வருத்தம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பா விறகுக் கட்சி. அவர் ஒரு தொழிற்சாலையில் சாமான் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை செய்தார். சாமான் அடுக்கும் மரத்தட்டுகளை அங்கே ஸ்கிட் என்பார்கள். உடைந்த ஸ்கிட்டுகளைக் கேட்டுக் கொண்டுவந்து வீட்டின் பக்கச் சுவரோடு அடுக்கி வைப்பார். "சும்மா கிடைக்கிற மரத்தை விட்டிட்டுக் கல்லை எரிக்கிறதோ?" என்பார்.

பெரியப்பா கரிக் கட்சி. கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வார். "ஜேர்மனியிலை நாங்கள் இருந்த வீட்டிலை உதுதான். ஒருக்கால் போட்டால் விடியுமட்டும் நிக்கும். உன்ரை விறகுக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வாய்க்கரிசி போடவேணும்" என்று தம்பியைக் கேலி செய்வார். அப்பா சிரிப்பார். அந்த நாளில் இருவரும் அப்படித்தான், சண்டையிலும் சிரிப்பு இருந்தது.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேஸ்மென்றில் ஸ்கிட்டை வாளால் அறுப்பார். அறுக்குமுன் ஆணி பிடுங்க வேண்டும். அது என் வேலை. சுத்தியலின் பிளந்த பக்கத்தை ஆணியின் கழுத்தில் மாட்டி, கீழே ஒரு துண்டு மரத்தை முண்டு கொடுத்து அமுக்கினால் ஆணி கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வரும். ஒரு ஆணிகூட அடுப்புக்குள் போகக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஏனென்றால் சாம்பலை அள்ளி வாசலில் பனிக்கட்டிமேல் தூவுவோம், வழுக்காமல் இருக்க. சாம்பலில் ஆணி கிடந்தால் காரின் ரயர் போய்விடும். பிடுங்கிய ஆணிகளை ஒரு பால்மா ரின்னில் போடுவேன். "என்ரை பிள்ளையின்ரை கை இரும்புக் கை" என்பார் அப்பா. எனக்கென்று ஸ்கிட் பலகையில் ஒரு குட்டி முக்காலி செய்து தந்தார். அடுப்புக்கு முன்னால் அது என் இடம். அறுத்த மரத்தின் பால் மணமும், அப்பாவின் இடுப்புச் சறத்தில் ஒட்டிய மரத்தூளும், ஆணி வரும் சத்தத்துக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பும் எனக்கு மட்டும் உரியவை. அங்கே அக்கா கிடையாது. பத்து வயதில் நான் விறகுக்காக உயிரைக் கொடுத்திருப்பேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிறு. நாங்கள் ஆணி பிடுங்கிக் கொண்டிருக்கையில் கிராதிக்கு மேலே அவள் இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. பெரியம்மா கத்தினார். அவளுக்குச் சின்ன வயதிலேயே தொய்வு இருந்தது, மூச்சு இழுக்கும். கனடாவுக்கு வந்தபின் வரவில்லை. இப்போது விறகுப் புகைதான் கிளப்பிவிட்டது என்று முடிவாயிற்று. புகை பிள்ளைக்குக் கூடாது என்று டொக்ரரும் சொன்னாராம். அப்பா அன்று மாலையே பெரியப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்: "அண்ணை, பிள்ளை மேலை சத்தியம். இனி இந்த வீட்டிலை விறகு எரியாது."

"உவள் சும்மா நடிக்கிறாள்" என்று அம்மாவிடம் நான் சொன்னேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "வருத்தக்காரப் பிள்ளையை அப்பிடிச் சொல்லாதை!"

கரி வந்தது. கரி பற்ற நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் சத்தமில்லாமல் நீலமாக எரியும். வெடிக்காது, மணக்காது. அதில் பிடுங்க ஒன்றும் இல்லை. சுத்தியலும் ரின்னும் மூலைக்குப் போயின. அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேனோ என்னவோ. பின்னேரங்களில் அவளைச் சூட்டில் வைத்திருக்கவென்று கீழே கொண்டுவந்தார்கள். அப்பா என் முக்காலியை எடுத்துத் துடைத்து அவளுக்குப் போட்டார். கரி அடுப்பில் கீழே ஒரு இரும்புக் கைபிடி உண்டு. அதைப் பிடித்து ஆட்டினால் சாம்பல் தட்டில் கொட்டும். "மெல்லமா ஆட்டுங்கோ குஞ்சு" என்று அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னை அவர் ஒருநாளும் குஞ்சு என்று கூப்பிட்டதில்லை. நான் இரும்புக் கை அல்லவா? படியில் இருந்து பார்த்தேன். என் அப்பா, என் முக்காலி, என் அடுப்பு. நீலச் சுவாலையின் வெளிச்சம் அவள் கன்னத்தில் பட்டது. அவளைப் பிடித்து உள்ளே தள்ளலாம்போல் எனக்கு இருந்தது. இதை இவ்வளவு காலம் யாரிடமும் சொன்னதில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை. பெரியப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். அப்பா முன்வாசலில் சினோ, அதுதான் பனி, தள்ளிக் கொண்டிருந்தார். அவள் மேலே நித்திரை. நான் பக்கச் சுவரோடு கிடந்த ஸ்கிட்டில் மூன்று துண்டை உடைத்து எடுத்து வந்தேன். பனி ஊறி ஈரமாக இருந்தது. ஆணி பிடுங்க நேரமில்லை. அடுப்புக் கதவைத் திறந்து கரித்தணல்மேல் வைத்தேன். என் கணக்கு எளிமையானது: விறகு படபடவென்று எரியும், அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்கும், விறகுதான் நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்.

எரியவில்லை. புகைந்தது. சாம்பல் நிறப் புகை கதவு இடுக்குகளால் பீறிக்கொண்டு வந்து நேரே கிராதியை நோக்கி ஏறியது. கதவைச் சாத்தினேன். புகை நிற்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்கதவால் வெளியே போய்ச் சினோவில் வீடு கட்டி விளையாடினேன்.

அம்புலன்ஸ் சத்தம் கேட்டு முன்னுக்கு ஓடி வந்தபோது அப்பா அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். காலில் ஒற்றைச் சப்பாத்து. அவளுடைய உதடுகள் கத்தரிப்பூ நிறமாக இருந்தன. அப்பா அழுதுகொண்டிருந்தார். அப்போதும் என் நெஞ்சு, எனக்காக அவர் இப்படி அழுதிருப்பாரா என்றுதான் கேட்டது.

அவள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். முதல் நாள் மாலை பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வந்து நேரே பேஸ்மென்றுக்கு இறங்கினார். என்னை மேலே அனுப்பினார்கள். நான் கிராதியில் காதை வைத்துக்கொண்டு படுத்தேன். எங்கள் சிரிப்பையெல்லாம் மேலே கடத்திய கிராதி அன்று ஒரு சொல்லைக்கூடக் கடத்தவில்லை. அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு பெரியப்பா படியேறிப் போனார். அதற்குப் பிறகு அந்த அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசவே இல்லை.

கோடைக்குமுன் வீடு விற்றாயிற்று. அடுப்பு அங்கேயே நின்றுவிட்டது. "கரிப் புகை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. கரி கொண்டந்தவர் தமையன்தானே, இவர் ஏதோ கேட்டிட்டார் போலை. ரோசம்!" என்று அம்மா எல்லாருக்கும் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கரியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாற்பது வருடம் சுகமாக இருந்தேன்.

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். செத்தவீட்டுக்குப் பெரியப்பா வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தம்பியின் முகத்தையே பார்த்தார். வாய்க்கரிசித் தட்டை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிப் போனார். கூடப் பிறந்தவர் வாய்க்கரிசி போடவில்லை என்று மண்டபம் முழுக்கக் குசுகுசுத்தது. அன்று அவரை நான் மனதாரத் திட்டினேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்து அப்பாவின் கராஜைத் துப்புரவாக்கும்போது அந்தப் பால்மா ரின் அகப்பட்டது. துருப்பிடித்த ஆணிகள். அவற்றுக்கு மேலே ஒரு துணித்துண்டில் சுற்றி நாலு ஆணிகள் தனியாக. நெருப்பில் கிடந்து கறுத்து வளைந்தவை. எனக்கு விளங்கவில்லை. ரின்னை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

போன மாசியில் ஒரு பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். இப்போது ஏஜாக்ஸில் இருக்கிறாள். பாமசிஸ்ற். (நான் வங்கியில். ஆம், அதிலும் அவள்தான் ஒரு படி மேலே.)

"எடியே, உன்னட்டை ஒண்டு சொல்லோணும், கோவிக்காதை" என்றாள். "அந்த வீட்டிலை முதல்முதல் எனக்கு வந்த இருமல் இருக்கல்லோ, அது ஃபேக். நீயும் சித்தப்பாவும் கீழை சிரிச்சுச் சிரிச்சு ஆணி பிடுங்கிறது எனக்கு மேலை கேக்கும். என்ரை அப்பா என்னோடை ஒருநாளும் அப்பிடிச் சிரிச்சதில்லை. ஐ வாஸ் ஸோ ஜெலஸ். அதாலை இருமினன். நான் இருமாட்டி அவை கரிக்கு மாறியிருக்க மாட்டினம். கரியாலைதானே பிறகு உண்மையா வருத்தம் வந்தது, அவை பிரிஞ்சதும் அதாலைதானே. அப்பாவுக்கு இப்ப எண்பத்தாறு. நாளைக்குப் போய் அவரிட்டை எல்லாத்தையும் சொல்லப்போறன். எல்லாம் என்ரை பிழைதான் எண்டு."

நான் "பரவாயில்லை அக்கா" என்றேன். பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டேன். போனை வைத்த பிறகுதான் எரியத் தொடங்கியது. நாளைக்கு அவள் போவாள். அழுவாள். பெரியப்பா அவள் தலையைத் தடவுவார். வெறும் இருமலை வைத்துக்கொண்டு முழுப் பழியையும் மன்னிப்பையும் அவள் வாரிக்கொண்டு போகப்போகிறாள். என் பிழையைக்கூட அவளே எடுத்துக்கொள்ளப் போகிறாள். இதிலாவது நான் முந்தவேண்டாமா?

உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. மனச்சாட்சி என்னைக் கிளப்பவில்லை. பொறாமைதான் காரில் ஏற்றியது. பால்மா ரின்னையும் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்கு.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லம். பெரியப்பா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். சூடு நிறைந்த அறையில் கம்பளித் தொப்பியோடு. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னேன்: ஈர விறகு, மூன்று துண்டு, நான்தான், பத்து வயது, முக்காலி, பொறாமை.

பெரியப்பா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்டைக்குச் சாம்பல் அள்ளினது நான்" என்றார். "நாலு ஆணி கிடந்தது. கரியிலை ஏது பிள்ளை ஆணி? கொப்பாவின்ரை உள்ளங்கையிலை வைச்சுக் கேட்டன், ஆர் விறகு போட்டது எண்டு. ஆணியைப் பாத்தான். கனநேரம் பாத்தான். பிறகு, நான்தான் அண்ணை எண்டான்."

அடுப்புக்குள் ஆணியோடு ஒரு துண்டு மரம் போடாத மனிதர் அப்பா. பார்த்த உடனே அவருக்கு என் கை தெரிந்திருக்கும்.

"பிள்ளை மேலை சத்தியம் பண்ணிப்போட்டு ஏன்ரா போட்டனி எண்டு கேட்டன். வாயே திறக்கேல்லை. பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாம் அண்ணை எண்டு மட்டும் கேட்டான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பெரியம்மாவுக்குக் கூடச் சொல்லேல்லை. ஆனா அவனோடை கதைக்க எனக்கு மனம் வரேல்லை."

சின்னப்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் பெரியப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார், அவ்வளவுதான். அப்பாவின் கணக்குப் பிழைத்துவிட்டது. அவர் யாருக்காகப் பிழைவிட்டார் என்பது எனக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. அவளைக் குஞ்சு என்று கூப்பிட்டாரே என்று நாற்பது வருடம் எரிந்தேன். எனக்காக அவர் தன் ஒரே அண்ணனை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ரின்னைத் திறந்து துணியைப் பிரித்து நாலு ஆணியையும் பெரியப்பாவின் கையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நான் அவனுக்கு வாய்க்கரிசி போடேல்லைப் பிள்ளை" என்றார்.

நான் ரின்னின் மூடியைப் பூட்டினேன்.

"போடேல்லை. தட்டை நீட்டினவை. நான் போடேல்லை." தொப்பிக்குக் கீழே அவருடைய முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல் கோணியது. ஆணிகளைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டார். அந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

என் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், அக்கா. வாழ்க்கையில் முதல்தடவையாக, அவள் எனக்கு முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.